கடுகுச் செடியைப் படித்தால் வேலை கிடைக்குமா?

அன்புள்ள அம்மா,

“எல்லோரும் கணினி படிக்கையில் என் மகள் கடுகுக் குடும்பத்தை ஆராயப் போகிறாளாம்” என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது.

கடுகுக் குடும்பத்தில் ஏறக்குறைய 4,000 இனங்கள் உண்டு. முட்டைகோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி, நூல்கோல் ஆகியவை தாவரவியல் கணக்கில் ஒரே இனம். இலைக்கும் பூவுக்கும் தண்டுக்குமாகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் உருவம் மாறிவிட்டது. தாவரங்களில் முதன்முதலாக, 2000ஆம் ஆண்டில், மரபணுத்தொகுதி வாசிக்கப்பட்ட அரபிடாப்சிஸும் இக்குடும்பத்துச் சிறு களைச்செடிதான். முளைத்து ஆறு வாரத்தில் விதை கொடுத்துவிடும் என்பதால் ஆய்வகங்களுக்குச் செல்லப்பிள்ளை. இதில் பழகுகிறவர்கள் மரபணுத் தரவுகளைக் கணினியில் அலசவும் கற்றாக வேண்டும். நீங்கள் விரும்பிய கணினி வேறு வாசல் வழியாக வருகிறது, அவ்வளவுதான்.

வேலை பெரும்பாலும் விதை நிறுவனங்களிலும் பயிர் ஆராய்ச்சி நிலையங்களிலும்தான். முட்டைகோஸ் பொதுவாகத் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வீரிய ஒட்டு விதை தயாரிக்க அது வசதி; பெற்றோர் செடிகளைக் கலப்பில்லாமல் பாதுகாக்கவோ பெருந்தொல்லை. மலர்வதற்குச் சில நாள் முன்பே மொட்டை இடுக்கியால் பிரித்து, அதே செடியின் மகரந்தத்தைச் சூலகமுடியில் தடவி, உறையிட வேண்டும். இளம் மொட்டுக்கு இன்னும் மறுக்கத் தெரியாது! இப்படியே மொட்டு மொட்டாக, நாள் முழுக்க. இந்தப் பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தத் துறையை நான் சொல்வதில்லை.

மகளிடம் ஒரு கடுகுப் பூவும் உருப்பெருக்கியும் கொடுத்துப் பாருங்கள். நான்கு இதழ் சிலுவைபோல் இருக்கும். மகரந்தத்தாள் ஆறில் நான்கு நெட்டை, இரண்டு குட்டை. “ஏன் இரண்டு மட்டும் குட்டை?” என்று அவளே கேட்டால் இந்தப் படிப்பில் சேர்க்கத் தயங்காதீர்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். இளநிலைப் பட்டத்தோடு நின்றால் நல்ல வேலை அரிது. பயிர் மரபியலிலோ, மரபணுத் தரவுகளைக் கணினியில் அலசும் உயிர்த்தகவலியலிலோ முதுநிலை வரை போக வேண்டும். புள்ளியியலை ஒதுக்கவே கூடாது. செடிகளை இனம் பிரித்துப் பெயரிடும் வகைப்பாட்டியலை மட்டும் நம்ப வேண்டாம், பணியிடங்கள் குறைவு.

சேர்க்கைக்கு முன் இருவரும் கல்லூரியின் சோதனை வயலை நேரில் பாருங்கள். அங்கே மொட்டைப் பிரித்து மகரந்தம் தடவுவது மாணவர்களா, கூலியாட்களா என்று கேளுங்கள். கிடைத்த பதிலை எனக்கு எழுதுங்கள்.