கூப்பர் பிளாக் எழுத்துரு: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: எழுபதுகளின் டி-ஷர்ட்டுகளில் வரும் அந்தக் குண்டு எழுத்து கூப்பர் பிளாக்தானே சார்? அந்தக் காலத்தில் உருவானதா?

பதில்: எழுத்து அதேதான், அதன் வயதுதான் இன்னும் அதிகம். சிகாகோவில் விளம்பரங்களுக்கு எழுத்து வரைந்துவந்த ஆஸ்வால்ட் கூப்பர் வடிவமைத்தார். பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பின்ட்லர் வார்ப்பகம் 1922-ல் ஈய எழுத்தாக வெளியிட்டது. அறுபதுகளில் எழுத்தைப் படமெடுத்து அடுக்கும் ஃபிலிம் அச்சுக்கோப்பும், தேய்த்து ஒட்டும் லெட்ராசெட் தாளும் பரவியதும் மறுபடி ஒரு சுற்று வந்தது. ஈய எழுத்து கட்டையோடு வருவதால் ஓரளவுக்கு மேல் நெருக்க முடியாது. ஃபிலிமில் உரசவே வைக்கலாம். கூப்பர் பிளாக்குக்கு அழகே அந்த நெருக்கத்தில்தான். பீச் பாய்ஸ் இசைக்குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ (1966) இசைத்தட்டு உறையைப் பாருங்கள், புரியும்.

கேள்வி: மற்ற தடித்த எழுத்துகளிலிருந்து எப்படிப் பிரித்து அறிவது?

பதில்: ஆங்கில ‘ஓ’வின் உள்வெள்ளையைப் பாருங்கள், இடப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். ‘ஐ’யின் புள்ளி முட்டை வடிவம். செரிஃப் முனைகள் (கோடுகளின் நுனியில் நீளும் சிறு விளிம்புகள்) எல்லாம் மழுங்கி, மை ஊறி உப்பிய பழைய அச்சு மாதிரி இருக்கும். அடிப்பக்கத்தில் தட்டையான இடமே கிடையாது.

கேள்வி: அண்ணா, காபிக் கடை தொடங்குகிறேன். போர்டு, மெனு, பில் எல்லாம் இதிலேயே வைக்கலாமா?

பதில்: போர்டுக்குத் தாராளமாக வையுங்கள். மெனுவில் தலைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள் தம்பி. சிறிய ‘ஏ’, ‘இ’ எழுத்துகளின் உள்துளை மிகக் குறுகியது, 10 பாயின்ட்டில் மை அடைத்துவிடும். பில்லுக்கு வேண்டவே வேண்டாம். இன்னொன்று, பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் போடாதீர்கள். இதன் குழைவு சிறிய எழுத்தில்தான் இருக்கிறது. ஈஸிஜெட் நிறுவன விமானங்களில் பெயர் இதே எழுத்தில்தான், அதில் ‘ஜே’ ஒன்றுதான் பெரிய எழுத்து. ஷேடோ, அவுட்லைன் எதுவும் சேர்க்காதீர்கள், ஏற்கெனவே இருக்கும் கனம் போதும்.

கேள்வி: கடைப் பெயர் தமிழிலும் வர வேண்டும். இதில் தமிழ் உண்டா?

பதில்: கணினியோடு வரும் கூப்பர் பிளாக்கில் கிடையாது. தமிழில் தட்டினால் மென்பொருள் ஏதோ ஒரு மெல்லிய எழுத்தைப் போட்டுவிடும், போர்டு நொண்டும். எக் டைப் என்ற எழுத்து வடிவமைப்புக் குழுவின் ‘பலூ தம்பி’ எழுத்துருவைப் போட்டுப் பாருங்கள். தடிப்பும் உருண்ட முனையும் ஒத்துப்போகும். அதில் செரிஃப் இல்லாததால் இரண்டையும் ஒரே வரியில் சேர்க்காமல் மேலும் கீழுமாக வையுங்கள். ‘கி’, ‘கீ’யின் மேல்வளைவு மேல்வரியில் முட்டாதபடி இடைவெளி விடுங்கள். ஃப்ளெக்ஸ் கடையில் அவசரத்தில் இதைத்தான் கவனிக்காமல் விடுவார்கள்.

கேள்வி: காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

பதில்: மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் உள்ள பல கணினிகளில் ஏற்கெனவே இருக்கும், தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் ‘ஃப்ரான்சஸ்’ எழுத்துரு இலவசம். கூப்பர், வின்ட்சர் வகை எழுத்துகளைப் பார்த்து உருவானது. தடிப்பையும் மென்மையையும் முழுக்க ஏற்றினால் அதே சாயல் கிடைக்கும்.