20 டேபிளுக்கு 20 ரெப்பாசிட்டரி வேண்டுமா?

கேள்வி: மொத்தக் கடை ஒன்றுக்கு ஜாவாவில் பில்லிங் மென்பொருள் எழுதுகிறோம். 20 டேபிளுக்கும், டேட்டாபேஸ் வேலையை எளிதாக்கும் ஸ்பிரிங் டேட்டா லைப்ரரியில் ஆளுக்கொரு ரெப்பாசிட்டரி (டேட்டாவை எடுக்கவும் சேமிக்கவும் உதவும் இன்டர்ஃபேஸ்) போட்டேன், எல்லாமே அதன் ரெடிமேட் இன்டர்ஃபேஸான ஜேபிஏ ரெப்பாசிட்டரியை எக்ஸ்டெண்ட் செய்கின்றன. டீம் லீட் பாதியைத் தூக்கச் சொல்கிறார். ஏன்?

உங்கள் லீட் சொல்வது சரி. டேபிளை எண்ணி ரெப்பாசிட்டரி போடுவதில்லை. பில்லில் இருக்கும் சரக்கு வரிகளுக்கு பில்லை விட்டால் வேறு வாழ்க்கை கிடையாது, ஆனால் அந்த வரிகளுக்கென்று ஒரு ரெப்பாசிட்டரி கண்ணில் பட்டால், ஒருநாள் அவசரத்தில் யாராவது அதைக் கூப்பிட்டு ஒரு வரியை மட்டும் அழித்துவிட்டுப் போவார், பில்லின் மொத்தம் பழையபடியே நிற்கும், மாதக் கடைசியில் ஜிஎஸ்டி கணக்கு உதைக்கும். வரியை எடுக்க வேண்டுமா, பில் கிளாஸிடம் சொல்லுங்கள். அது கூட்டலையும் சரிசெய்துகொள்ளும். அப்புறம் முழு பில்லாக சேவ் செய்யுங்கள்.

ஜேபிஏ ரெப்பாசிட்டரியை எக்ஸ்டெண்ட் செய்தால் டேபிளையே காலி செய்யும் 'டெலீட் ஆல்' கூட கேட்காமலே வந்துவிடும். பில் டேபிளில் அதற்கு என்ன வேலை? ஸ்பிரிங் டேட்டாவிலேயே மெத்தட் எதுவும் இல்லாத, வெறும் 'ரெப்பாசிட்டரி' என்ற இன்டர்ஃபேஸ் இருக்கிறது. அதை எக்ஸ்டெண்ட் செய்து, வேண்டிய மூன்று நான்கை மட்டும் எழுதுங்கள். பெயரும் கடைக்காரர் கேட்கிற மாதிரியே இருக்கட்டும்: 'இந்தப் பார்ட்டியின் பாக்கி பில்கள்'. எதைப் பாக்கி என்பது என்ற விதி அந்த ஒரு குவெரியோடு நிற்கும், ஸ்க்ரீனுக்கு ஸ்க்ரீன் மாறாது. வரிகளும் சேர்ந்து வேண்டுமென்றால் அங்கேயே, இரண்டையும் ஒரே குவெரியில் கொண்டுவரும் ஜாயின் ஃபெட்ச் போடுங்கள். நான் ஒருமுறை, வரிகளைத் தொடும்போதுதான் எடுத்துவரும் லேசி லோடிங்கை நம்பி விட்டுவிட்டு, பட்டியல் ஏன் இப்படி ஊர்கிறது என்று லாகைத் திறந்தால், 50 பில்லுக்கு 51 குவெரி: பட்டியலுக்கு ஒன்று, ஒவ்வொரு பில்லின் வரிகளுக்கும் ஒன்று.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ட்ரான்ஸாக்ஷனை, அதாவது எல்லா மாற்றமும் சேர்ந்தே நடக்கும், இல்லையென்றால் எதுவும் நடக்காது என்ற ஏற்பாட்டை, ரெப்பாசிட்டரியை நம்பி விடாதீர்கள். வெளியே ட்ரான்ஸாக்ஷன் இல்லையென்றால் ஸ்பிரிங் டேட்டாவின் சேவ் மெத்தட் தானே ஒன்றைத் தொடங்கி, தானே கமிட்டும் செய்துவிடும், அதாவது மாற்றத்தை நிரந்தரமாக்கிவிடும். பில் சேவ் ஆகிவிட்டது, ஸ்டாக் கழிக்கும்போது எரர் என்றால், பில் டேபிளில் அப்படியே கிடக்கும், ஸ்டாக் குறைந்திருக்காது. இரண்டையும் கூப்பிடுகிற சர்வீஸ் மெத்தடின் தலையில் ட்ரான்ஸாக்ஷனல் அனோட்டேஷனைப் போடுங்கள். அதற்குள் எடுத்த பில்லில் எதையாவது மாற்றினால் கமிட் நேரத்தில், அடியில் டேட்டாபேஸோடு பேசும் லைப்ரரியான ஹைபர்னேட்டே கண்டுபிடித்து எழுதிவிடும், 'அப்டேட்' என்று தனி மெத்தட் தேவைப்படாது.

விற்பனை ரிப்போர்ட்டை மட்டும் இந்த வழியில் இழுக்காதீர்கள். அதற்கு நேராக எஸ்க்யூஎல் எழுதுவதில் ஒரு தப்பும் இல்லை.