எடைக் கருவி உடல் கொழுப்பை எப்படிச் சொல்கிறது?

ஏறி நின்றதும் கொழுப்புச் சதவீதம் காட்டுகிறதே, எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் அது கொழுப்பை நேரடியாக அளப்பதே இல்லை. ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்கு, பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸில், 1 மில்லியாம்பியருக்கும் குறைவான மின்னோட்டத்தை அனுப்பி மின்தடையைப் பார்க்கிறது. தசையில் ஏறக்குறைய முக்கால் பங்கு உப்பு கலந்த நீர். மின்சாரம் எளிதாகப் போகும். கொழுப்பில் நீர் குறைவு, தடை அதிகம். இந்தத் தடையோடு உயரம், எடை, வயது, பாலினத்தைச் சேர்த்து உடல் நீரைக் கணிக்கிறது. கொழுப்பில்லாத நிறையில் சுமார் 73 சதவீதம் நீர் என்று வைத்துக்கொண்டு, அந்த நீரிலிருந்து கொழுப்பில்லாத நிறையைக் கணக்கிட்டு, மொத்த எடையில் மிச்சத்தைக் கொழுப்பு என்கிறது.

சரி, நம்பலாமா? நீர்ச்சத்து குறைந்தாலே எண் மாறிவிடும். அதனால் தினமும் காலையில் ஒரே நிலையில் அளந்து, போக்கை மட்டும் பாருங்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதில் ஏறவே வேண்டாம்.