அக்ராவில் ஐந்து நாள், சத்தமில்லாத மே மாதத்தில்

வணக்கம்.

நாங்கள் மூன்று தம்பதிகள், ஆறு பேருமே ஆசிரியர்கள். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். என் கணவரின் தம்பி கானாவில், அக்ராவில் இருக்கிறார். "எல்லோரும் வாங்க" என்று ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறார். மே இரண்டாம் வாரத்தில் ஐந்து நாள் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பயண ஏஜென்ட் ஒருவர் அக்ரா, கேப் கோஸ்ட், ககூம் காடு, குமாசி எல்லாம் அடங்கிய திட்டம் கொடுத்திருக்கிறார். எங்களுக்கு ஆப்பிரிக்க மேளமும் நடனமும் பார்க்க ஆசை. வெயில் தாங்குமா? எங்களில் ஒருவர், "சந்தோஷமாகப் போகிற இடத்தில் அடிமைகளை அடைத்த கோட்டையை எதற்குப் பார்க்க வேண்டும்?" என்று கேட்கிறார். நீங்கள் மனைவியோடு போய்வந்ததாக எழுதியிருந்தீர்கள். உங்கள் யோசனை வேண்டும்.

க., பாளையங்கோட்டை

அன்புள்ள க.,

மேளத்திலிருந்து தொடங்குகிறேன். உங்கள் திட்டத்தில் முதலில் அடிபடப்போவது அதுதான். அக்ரா கா இன மக்களின் ஊர். ஆண்டுதோறும் மே முதல் பாதியில் தொடங்கி ஏறத்தாழ ஒரு மாதம் அங்கே மேளம் அடிக்கக் கூடாது, தெருவில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. சர்ச்சும் மசூதியும்கூடச் சத்தத்தைத் தங்கள் சுவர்களுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். பூசாரிகள் தானியம் விதைத்த பிறகு பயிர் வளரும் காலத்தில் ஊர் அமைதியாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் மரபு. 1990களின் கடைசியில் இதை வைத்துச் சில சர்ச்சுகளோடு கைகலப்பு வரை போனது. ஆனாலும் மரபு நிற்கிறது. தேதியை ஒவ்வொரு ஆண்டும் அறிவிப்பார்கள், உங்கள் கொழுந்தனாரை விசாரிக்கச் சொல்லுங்கள்.

ஆகஸ்டில் போனால் ஹோமோவோ திருவிழாவையே பார்க்கலாம். பஞ்சத்தைக் கடந்து வந்தவர்கள் பசியைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்கிற விழா அது. சோள மாவில் செய்த உணவைத் தலைவர்கள் தெருவில் முன்னோர்களுக்காகத் தூவிக்கொண்டே போவார்கள். ஆனால் பள்ளிக்கூட வேலையில் இருப்பவர்களிடம் ஆகஸ்டைச் சொல்லி என்ன பயன்? மே மாதத்திலேயே போங்கள். அவ்வளவு பெரிய நகரம் ஒரு விதைப்புக்காகத் தன் குரலைத் தாழ்த்திக்கொள்வதைப் பார்க்கக் கிடைப்பதும் சின்ன விஷயமில்லை. மேளம் இல்லாவிட்டால் ஏமாற்றம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள், அவ்வளவுதான்.

குமாசியை எடுத்துவிடுங்கள். 250 கிலோமீட்டர் போய்த் திரும்புவதிலேயே உங்கள் ஐந்து நாளில் இரண்டு நாள் கரைந்துவிடும். ககூம் காட்டையும் எடுத்துவிடலாம் என்பேன். காரணம் பிறகு.

தம்பதிகளாகப் போகிறவர்களுக்கு ஏஜென்ட்கள் கடற்கரை ஹோட்டலும் மெழுகுவர்த்தி வைத்த இரவுச் சாப்பாடும்தான் வைப்பார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. கணவன் மனைவி என்றால் என்ன என்று யோசிக்கவைக்கும் விஷயங்கள் அந்த ஊரிலேயே நிறைய இருக்கின்றன. ஜேம்ஸ்டவுன் பக்கத்துப் பழைய கா குடியிருப்புகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மரபுப்படி கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் வசிப்பதில்லை. பெண்கள் அம்மா, பாட்டி, சகோதரிகளோடு ஒரு முற்றத்தைச் சுற்றி இருப்பார்கள். ஆண்கள் தங்கள் ஆட்களோடு வேறு வீட்டில். சாயங்காலம் மனைவி சமைத்த சாப்பாடு கணவன் வீட்டுக்குப் போகும். மீன் பிடிப்பது ஆண்கள் வேலை, அதைப் புகைபோட்டு விற்பது பெண்கள் வியாபாரம், இருவர் கணக்கும் தனித்தனி. இன்று எல்லோரும் அப்படி இருப்பதில்லை என்றாலும் அந்த முற்றங்களும் மீன் புகைபோடும் அடுப்புகளும் இருக்கின்றன.

அதனால் ஒரு காலை மட்டும் நீங்கள் மூன்று பெண்களும் தனியாக, அந்தப் பகுதிப் பெண் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு நடங்கள். ஆண்கள் கலங்கரை விளக்கம், படகுத்துறை பக்கம் போகட்டும். மதியச் சாப்பாட்டில் சேர்ந்து பேசிக்கொள்ளுங்கள். நானும் மனைவியும் அப்படிச் செய்தோம். ஒரே தெருவில் இருவரும் பார்த்தது இரண்டு ஊர்கள். அந்தப் பேச்சு விமானத்திலும் தொடர்ந்தது.

இரண்டாவது, கானாவின் விடுதலைத் தலைவர் க்வாமே நிக்ரூமாவின் நினைவிடம். 1957 மார்ச் 6 நள்ளிரவில் அவர் விடுதலையை அறிவித்த பழைய போலோ மைதானம்தான் அது. எல்லோரும் சிலை முன் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கல்லறையைப் பாருங்கள், பக்கத்தில் அவர் மனைவி ஃபாத்தியாவும் இருக்கிறார். கெய்ரோவைச் சேர்ந்த காப்டிக் கிறிஸ்தவர். அதே 1957 டிசம்பர் கடைசியில் அக்ராவுக்கு வந்திறங்கி, முன்பின் பார்த்திராத மனிதரை மணந்தவர். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழிகூடச் சரியாக இல்லை. கானாப் பெண்கள் முதலில் வருத்தப்பட்டார்கள், பிறகு ஏற்றுக்கொண்டார்கள். கென்டே என்ற கானா நெசவுத் துணியில் ஒரு வகைக்கே 'ஃபாத்தியா நிக்ரூமாவுக்குப் பொருத்தமானவள்' என்று பெயர் வந்தது. 1966-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவர் மூன்று பிள்ளைகளோடு கெய்ரோ போனார், நிக்ரூமா கினியாவில் தஞ்சம் புகுந்தார். அந்தத் துணியின் பெயரும் மாறியது: 'ஒற்றை ஆள் நாட்டை ஆள்வதில்லை.' நூலும் நிறமும் அதேதான். நிக்ரூமா 1972-ல் காலமானார். 2007-ல் ஃபாத்தியா இறந்தபோது அவரைக் கொண்டுவந்து கணவர் பக்கத்தில் வைத்தார்கள்.

பக்கத்திலேயே ஆர்ட்ஸ் சென்டர் கைவினைச் சந்தை இருக்கிறது. அங்கே கென்டே கேட்கும்போது இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நான்கு விரல் அகலப் பட்டைகளாக நெய்து, பட்டையோடு பட்டை சேர்த்துத் தைத்ததுதான் கென்டே. கோலம் அச்சடித்த துணியும் அதே பெயரில் விற்கிறது. திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வெயிலைப் பற்றிப் பாளையங்கோட்டைக்காரருக்கு நான் என்ன சொல்ல! மே மாதம் அங்கே 31, 32 டிகிரிதான். ஆனால் கடல் ஈரம், சட்டை காயாது. மழைக்காலமும் தொடங்கியிருக்கும், கொட்டினால் சாலையில் தண்ணீர் நிற்கும். காலை ஆறரைக்குக் கிளம்பி பத்தரைக்குள் திரும்புங்கள். மூன்றரை வரை அறையில் ஓய்வு, பிறகு ஒரே ஒரு இடம். மாலை ஆறு மணி வாக்கில் இருட்டிவிடும்.

இனி கோட்டை. உங்கள் நண்பரின் கேள்வி நியாயமானது. என் பதில்: போங்கள், ஆனால் அதற்கு ஒரு நாளை முழுதாகக் கொடுங்கள். எங்களை அழைத்துப்போனவர்கள் காலையில் ககூமில் மரங்களுக்கு மேலே கயிற்றுப் பாலத்தில் நடக்கவைத்து, மதியம் அதே உற்சாகத்தோடு கேப் கோஸ்ட் கோட்டைக்குள் கொண்டுவிட்டார்கள். முற்பகல் சிரித்தபடி எடுத்த படங்களை என் மனைவி அன்றிரவே அழித்துவிட்டாள். ககூமை விடச் சொன்னது அதனால்தான்.

அந்தக் கோட்டையில் ஆண்களை அடைத்த நிலவறைக்கு நேர் மேலே தேவாலயம் இருந்தது. முற்றத்தில் ஒரு தம்பதியின் கல்லறைகள் உண்டு: அங்கே ஆளுநராக இருந்த ஜார்ஜ் மக்லீன், அவர் மனைவியான ஆங்கிலக் கவிஞர் லெட்டீஷியா லாண்டன். லெட்டீஷியா 1838-ல் வந்து இரண்டே மாதத்தில் இறந்துபோனார். அந்த அம்மாவுக்காகவும் மனம் வருந்தியது. ஆனால் அந்த நிலவறைகளில் கணவன் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமும் பிரித்து அடைக்கப்பட்டு, வெவ்வேறு கப்பல்களில் ஏற்றப்பட்ட எத்தனையோ பேருக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. 'திரும்பி வராத வாசல்' வழியாக வெளியே போய்த் திரும்பிப் பார்த்தால், அந்தப் பக்கம் 'திரும்பி வரும் வாசல்' என்று எழுதியிருக்கும். 1998-ல் அமெரிக்காவிலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும் அடிமை வம்சத்தைச் சேர்ந்த இருவரின் எலும்புகளை அந்த வாசல் வழியாகவே உள்ளே கொண்டுவந்தார்கள். உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். அப்புறமும் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். அவரும் அவர் துணையும் அன்று அக்ராவிலேயே இருந்து, டுபாய்ஸ் வாழ்ந்த வீட்டைப் பார்க்கட்டும். அமெரிக்கக் கறுப்பின அறிஞரான அவர் 93 வயதில் மனைவி ஷெர்லியோடு கானாவுக்குக் குடிவந்தவர், அங்கேயே அடங்கியிருக்கிறார்.

கேப் கோஸ்ட் போகிறவர்கள் அன்றே திரும்ப வேண்டாம். 145 கிலோமீட்டர்தான், ஆனால் வழியிலுள்ள கசோவா ஊரின் நெரிசலில் நான்கு மணி நேரம்கூட ஆகும். இரவு அங்கேயே தங்குங்கள். அது ஃபான்டே மக்களின் ஊர், அக்ராவின் தடை அங்கே செல்லாது. உங்கள் மேளம் அங்கே கேட்கக்கூடும்.

சைவம் சாப்பிடுபவர் இருந்தால்: 'ரெட் ரெட்' என்ற காராமணிக் குழம்பும் பொரித்த வாழைப்பழமும் நன்றாக இருக்கும், மீன் போட்டிருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 'ஷிட்டோ' என்ற கறுப்பு மிளகாய்த் தொக்கில் கருவாடு இருக்கும், தொடாதீர்கள். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் கானாவுக்குள் போக முடியாது, இந்தியா திரும்பும்போதும் அதைக் கேட்பார்கள். கிண்டி கிங் நிலையம் போன்ற குறிப்பிட்ட மையங்களில் மட்டும்தான் போடுகிறார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். ஆறு பேரில் அறுபது தாண்டியவர் யாராவது இருந்தால் அவர்களுக்கு இந்த ஊசியில் ஆபத்து சற்று அதிகம். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அன்புடன்.