கட்டன் சாயாவும் தைராய்டு மாத்திரையும்

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. விடியற்காலை 4 மணிக்கே ரப்பர் பால் வெட்டப் போய்விடுவார். கிளம்பும்போது கட்டன் சாயாவோடு (பால் சேர்க்காத டீ) தைராய்டு மாத்திரை, கால்சியம் மாத்திரை இரண்டையும் விழுங்குவார். ஒருநாள்கூட விடுவதில்லை. ஆனாலும் ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பு குறைந்தால் கூடும் ஹார்மோன்) குறையவில்லை, டோஸ்தான் கூடுகிறது. ஏன்?
- வாசகி, குலசேகரம்

பதில்: அம்மா மேல் தப்பில்லை, யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு வருத்தம். தைராய்டு மாத்திரையில் இருக்கும் லெவோதைராக்சின் என்ற மருந்தைக் கால்சியம் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் மருந்தில் ஒரு பகுதி ரத்தத்துக்கே போகாமல் வீணாகலாம். இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். தைராய்டு மாத்திரைக்கும் இவற்றுக்கும் நடுவே 4 மணி நேரமாவது இருக்கட்டும், கால்சியத்தை மதியச் சோற்றோடு போடலாம். தைராய்டு மாத்திரைக்கு வெறும் வயிறு, வெறும் தண்ணீர். சாயா அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்து.

சரி, 4 மணிக்குக் கிளம்புகிறவர் எப்போது காத்திருப்பார்? அப்படியானால் டாக்டரிடம் கேட்டுவிட்டு ராத்திரி படுக்கும்போது போடலாம், சாப்பிட்டு 3 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று, இதைக் கவனமாகக் கேளுங்கள்: நேரம் சரியானதும் மருந்து முழுசாக உள்ளே போகும், இப்போது கூட்டி வைத்திருக்கும் டோஸ் அதிகமாகிவிடலாம். நேரத்தை மாற்றியதை டாக்டரிடம் சொல்லி, 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்எச் பாருங்கள். நடுவில் படபடப்போ கை நடுக்கமோ வந்தால் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். நீங்களாக டோஸைக் குறைக்க வேண்டாம்.