இரண்டு வருட அமெரிக்க ஆய்வுப் பணி: சம்பளத்தை விடுங்கள், தேதிகளைப் பாருங்கள்

கேள்வி: வயது 36. கோவையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். சம்பளம் மாதம் 68,000 ரூபாய். பென்சில்வேனியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஜே-1 (பரிமாற்றத் திட்ட) விசாவில் ஆய்வாளர் பணி கிடைத்திருக்கிறது. ஆண்டுக்கு 64,000 டாலர். ஒப்பந்தம் 2026 ஆகஸ்ட் 17 முதல் 2028 ஆகஸ்ட் 16 வரை. வீடு பார்க்க வேண்டும் என்பதால் ஆகஸ்ட் 8ஆம் தேதியே போய் இறங்க நினைக்கிறேன். கல்லூரி சம்பளமில்லா விடுப்பு தருகிறது. இந்தியர்களுக்கு அங்கே இரண்டு வருடம் வரியே இல்லை என்கிறார்கள். மூன்றாவது வருடமும் நீட்டிக்கலாம் என்கிறார் அங்குள்ள பேராசிரியர். 18 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், மாதம் 10,000 ரூபாய் எஸ்ஐபி, பிபிஎஃப் இருக்கின்றன. மனைவியும் மகளும் உடன் வருகிறார்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று தேதிகள் இருக்கின்றன. அவற்றில் ஒப்பந்தம் முடியும் தேதி நகர வேண்டும்.

முதலில் அந்த "வரியே இல்லை" விஷயம். இந்திய-அமெரிக்க இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 22ஆவது பிரிவு, பல்கலைக்கழகத்தில் கற்பிக்கவோ ஆராயவோ போகும் இந்தியரின் அந்தச் சம்பளத்துக்கு அமெரிக்க மத்திய வருமான வரியிலிருந்து விலக்கு தருகிறது. உங்கள் சம்பளத்துக்கு அது ஆண்டுக்கு 9,000 டாலரை ஒட்டிய தொகை. ஆனால் பிரிவின் வாசகம், "இரண்டு ஆண்டுக்கு மிகாமல்" வருபவருக்கு என்றுதான் தொடங்குகிறது. தங்கல் இரண்டு ஆண்டைத் தாண்டினால் தாண்டிய நாட்களுக்கு மட்டும் விலக்கு போவதில்லை. முதல் நாள் முதல் பெற்ற விலக்கு முழுவதும் போய்விடும். சீனாவிலிருந்து வந்த சக ஆய்வாளர் மூன்று வருடம் விலக்கு பெறுகிறாரே என்று பார்க்காதீர்கள், அவர்கள் ஒப்பந்தம் வேறு.

கடிகாரம் ஓடத் தொடங்குவது வேலையில் சேரும் நாளில் அல்ல, இந்தப் பணிக்காக அங்கே போய் இறங்கும் நாளில். ஆகஸ்ட் 8ஆம் தேதி இறங்கினால் 2028 ஆகஸ்ட் 7ஆம் தேதியோடு இரண்டு ஆண்டு முடிந்தது. உங்கள் ஒப்பந்தமோ 16ஆம் தேதி வரை. ஒன்பது நாள் வித்தியாசத்தில் 15,000 டாலருக்கு மேல் வட்டியோடு திரும்பக் கட்ட நேரலாம். ஜே-1 பணி முடிந்தபின் கிடைக்கும் 30 நாள் அவகாசத்தில் ஊர் சுற்றிவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

ஆகவே ஒப்பந்த முடிவை முன்னால் இழுக்கச் சொல்லுங்கள். எவ்வளவு முன்னால்? 2028 ஜூன் பிற்பகுதிக்கு என்பது என் கருத்து. காரணம் இன்னொரு கணக்கில் இருக்கிறது.

ஜே-1 ஆய்வாளர் முதல் இரண்டு காலண்டர் ஆண்டுகளுக்கு அமெரிக்க வரிச் சட்டத்தில் வெளிநாட்டவராகவே கருதப்படுவார். உங்களுக்கு அது 2026, 2027. ஆகஸ்டில் போனாலும் 2026 ஒரு முழு ஆண்டாகக் கழிந்துவிடும். 2028 ஜனவரி 1 முதல் நீங்கள் அங்கிருக்கும் நாட்கள் எண்ணப்படும். 183 நாள் சேர்ந்தால் ஜனவரி 1 முதலே வரிவாசி (வரிச் சட்டத்தில் அந்நாட்டில் வசிப்பவர்) ஆகிவிடுவீர்கள். சமூகப் பாதுகாப்பு (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் 7.65 சதவீதம் அன்றிலிருந்து வரும். 22ஆவது பிரிவு அதைத் தடுக்காது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சமூகப் பாதுகாப்பு உடன்பாடு கிடையாது. பத்தாண்டு வேலை செய்யாதவருக்கு ஓய்வூதியமும் இல்லை. எனவே கட்டியது கட்டியதுதான்.

2028 லீப் ஆண்டு. ஜூன் 30 வரை எண்ணினால் 182 நாள். அதற்குள் விமானம் ஏறிவிட்டால் இந்தப் பிடித்தமே இல்லை. கடைசி நாளில் விமானம் ரத்தாகும் ஆபத்தை நினைத்து ஜூன் 25ஐ ஒட்டிக் கிளம்புவது நல்லது.

ஜூலை முழுதும் தங்கினால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்ப்போம். அந்த மாதச் சம்பளம் 5,333 டாலர். ஏழு மாதத்துக்கும் சேர்த்துப் பிடித்தம் 2,856 டாலர். பென்சில்வேனியா மத்திய ஒப்பந்தங்களை ஏற்பதில்லை, அதன் 3.07 சதவீத வரி முதல் நாளிலிருந்தே உண்டு. அதோடு உள்ளூர் வரி 1 சதவீதமோ அதற்கு மேலோ. இரண்டும் சேர்ந்து மாதத்துக்கு 217 டாலர். இந்தியாவில் கூடுதலாகக் கட்ட வேண்டிய வரி டாலர் 88 ரூபாய் என்று வைத்தால் ஒரு லட்சம் ரூபாயை ஒட்டி. கோவையில் இழக்கும் சம்பளம் 68,000. எல்லாம் போக மிஞ்சுவது 400 டாலர்கூட இல்லை. ஒரு மாத வீட்டு வாடகைக்குக் காணாது.

"இந்தியாவில் வரி எங்கிருந்து வந்தது, நான் என்.ஆர்.ஐ. ஆயிற்றே" என்று கேட்பீர்கள். போகும் ஆண்டில் நீங்கள் என்.ஆர்.ஐ.தான். வேலைக்காக வெளியேறுபவருக்கு 182 நாள் வரம்பு. ஆகஸ்டில் போனால் ஏப்ரலிலிருந்து 130 நாள் சொச்சம்தான் வரும். 2027-28லும் சிக்கல் இல்லை. திரும்பும் ஆண்டில்தான் இடறும். நிரந்தரமாகத் திரும்புபவருக்கு அந்த 182 நாள் சலுகை கிடையாது, 60 நாள் வரம்புதான். முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாளுக்கு மேல் இந்தியாவில் இருந்தவர் என்பதால் அது உங்களைப் பிடிக்கும். இரண்டே வருடம் வெளியே இருந்தவருக்கு, வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி விழாத இடைநிலை அந்தஸ்தும் கிட்டாது. ஆகவே 2028 ஏப்ரல் முதல் நீங்கள் கிளம்பும் நாள் வரை வாங்கிய அமெரிக்கச் சம்பளம் இந்தியாவில் வரிக்குரியது. அங்கே மத்திய வரி கட்டாததால் இங்கே கழித்துக்கொள்ளவும் பெரிதாக ஒன்றுமில்லை. ஜூன் இறுதியில் திரும்பினால், இன்றைய புதிய வரிமுறை விகிதப்படி, அந்த ஆண்டுக்கு மொத்தம் இரண்டு லட்சம் ரூபாயை ஒட்டி வரும். இதற்குப் பயந்து மார்ச்சிலேயே ஓடி வர வேண்டாம். மூன்று மாதச் சம்பளம் அதைவிடப் பல மடங்கு. பணத்தைத் தனியே வைத்திருந்து செப்டம்பர் 15க்குள் முன்கூட்டிய வரித் தவணையைக் கட்டிவிடுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு விண்ணப்பித்து, பல்கலைக்கழகத்தின் பேரோல் (சம்பளம் போடும்) பிரிவில், இந்த விலக்கைக் கோரும் படிவம் 8233ஐக் கொடுங்கள். ஒவ்வொரு காலண்டர் ஆண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஜனவரியில் மறந்துவிட்டு, பிப்ரவரிச் சம்பளத்தில் வரி பிடித்ததைப் பார்த்து அலறுபவர்கள் உண்டு. அது வருடக் கடைசிக் கணக்கில் திரும்பி வரும். வரி பூஜ்யமானாலும் வெளிநாட்டவருக்கான வரிப் படிவம் 1040-என்ஆர், அதோடு தங்கிய நாட்கள் ஏன் எண்ணப்படவில்லை என்று காட்டும் 8843, ஏப்ரல் 15க்குள் போக வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண வரி மென்பொருள் உள்நாட்டவருக்கான வெறும் 1040ஐ நிரப்பி, உங்களுக்குச் சேராத கழிவுகளைப் போட்டுவிடும், அதைத் தொடாதீர்கள். 2027 டிசம்பரிலேயே ஒப்பந்த முடிவுத் தேதியைப் பேரோலுக்கு எழுதிக் காட்டுங்கள். இல்லையென்றால் ஜனவரி முதல் 7.65 சதவீதத்தை அவர்கள் தானாகவே பிடிக்கத் தொடங்குவார்கள். பிடித்துவிட்டால் முதலில் பல்கலைக்கழகத்திடம் திரும்பக் கேளுங்கள். மறுத்தால்தான் அமெரிக்க வரித் துறையிடம் திரும்பக் கேட்கும் படிவம் 843.

மூன்றாம் வருட நீட்டிப்பு உங்கள் விருப்பம். அதன் விலை, முதல் இரண்டு ஆண்டு விலக்கையும் சேர்த்துத் திருப்பிக் கட்டுவது. கல்லூரி விடுப்பும் முடிந்திருக்கும். ஆய்வுக்கட்டுரைகளுக்காக அது தகும் என்று நீங்கள் முடிவு செய்யலாம். பணத்துக்காக என்றால் தகாது. மனம் ஊசலாடினால் மாதம் 650 டாலரை முதல் மாதத்திலிருந்தே தனிச் சேமிப்புக் கணக்கில் ஒதுக்குங்கள். வெளிநாட்டவராகக் கருதப்படும் வரை அந்த வங்கி வட்டிக்கு அமெரிக்காவில் வரி இல்லை. முதல் நாளிலிருந்தே மூன்று வருடம் என்று டிஎஸ்-2019 படிவத்தில் (ஜே-1 விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சான்று) போட்டுவிட்டால் பேரோல் விலக்கையே தராமல் போகலாம்.

குடும்பத்துக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு கட்டாயம்: ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர், சிகிச்சைக்காக நாடு திரும்ப 50,000, உடலைக் கொண்டுவர 25,000, கையிலிருந்து கட்டும் பங்கு 500 டாலருக்கு மேல் கூடாது. வேலை ஒப்புதலைக் கையெழுத்திடும் முன், மனைவி, மகளுக்கான பிரீமியத்தைப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்று கேளுங்கள். மாத மிச்சத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான். மனைவி ஜே-2வில் (ஜே-1 பெற்றவரின் குடும்பத்துக்கான விசா) அனுமதி பெற்று வேலை செய்யலாம், ஆனால் அவர் சம்பளத்துக்கு 22ஆவது பிரிவு பொருந்தாது.

இந்தியப் பக்கம் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ.வாக (என்.ஆர்.ஐ.யின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) மாற்றி வீட்டுக் கடன் தவணையை அதிலிருந்து ஓட விடுங்கள். அமெரிக்கச் சம்பளம் முதலில் அங்குள்ள கணக்கில் விழ வேண்டும், பிறகே என்.ஆர்.இ.க்கு (வெளிநாட்டு வருமானத்துக்கான கணக்கு) அனுப்பலாம், நேராக இந்தியக் கணக்கில் விழுந்தால் இங்கே வரிக்குரியதாகிவிடும். பிபிஎஃபில் முதிர்வு வரை கட்டலாம், நீட்டிக்க முடியாது. எஸ்ஐபியை நிறுத்திவிட்டு அந்தப் பத்தாயிரத்தைக் கடன் அசலில் போடுங்கள். அமெரிக்காவில் இருப்பவரிடம் புது முதலீடு வாங்கப் பல ஃபண்டு நிறுவனங்கள் தயங்குகின்றன.

திரும்பிய ஆண்டின் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணை இருக்கும். அமெரிக்க வங்கிக் கணக்கை மூடிவிட்டேன் என்று அதை வெறுமையாக விடாதீர்கள். 2028இல் ஒரு நாள் இருந்திருந்தாலும் காட்ட வேண்டும். வரிக் கணக்கு 2029 ஏப்ரலில் முடியும் வரை அந்தக் கணக்கை மூடாமல் வைத்திருப்பதே வசதி, ஏதாவது திரும்பி வர வேண்டியிருந்தால் அதில்தான் வரும்.