அது ஒண்ணும் செய்யாது – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

உங்கள் தளத்தை இரண்டு வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. கோவையில் ஒரு சின்ன டிசைன் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மொத்தம் பதினொரு பேர். நான்கு மாதத்துக்கு முன் எங்கள் முதலாளி தன் வீட்டு லாப்ரடாரை ஆபீசுக்கு அழைத்துவர ஆரம்பித்தார். பெயர் லியோ. பகலில் வீட்டில் யாரும் இல்லையாம். அமேசான் ஆபீசிலேயே நாய்கள் வருகின்றன, எல்லோருக்கும் மனசு லேசாகும் என்றார். மற்றவர்களுக்குச் சந்தோஷம்தான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாய் என்றால் பயம்.

நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறேன். தண்ணீர் பிடிக்க எழுந்தால்கூட லியோ எங்கே படுத்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எழுவேன். "அது ஒண்ணும் செய்யாதுப்பா" என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். பழக்கிக்கொள்ளலாம் என்று மேஜைக்கு அடியில் கிரீம் பிஸ்கட் போட்டுப் பார்த்தேன். இப்போது என் இடத்தை விட்டு நகர்வதே இல்லை. மூன்று வாரம் முன்பு மேலே தாவியதில் நகம் கீறி லேசாக ரத்தம் வந்தது. மஞ்சள் தடவிக்கொண்டேன், யாரிடமும் சொல்லவில்லை. சுடிதார் முழுக்க முடி வேறு. நான் நாயை வெறுப்பவள் இல்லை ஐயா. தெருநாய்கள் பற்றிய உச்ச நீதிமன்ற வழக்கில்கூட நாய்கள் பக்கம்தான் என் மனம் போனது. உங்கள் கருத்து என்ன? இந்தப் பயத்தை எப்படிப் போக்குவது? வேலையை விட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

ச.

*

அன்புள்ள ச.,

இதைப் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் டாக்டரைப் போய்ப் பாருங்கள். ரத்தம் வந்த கீறலுக்கு மஞ்சளைத் தடவிக்கொண்டு மூன்று வாரம் வாயை மூடி இருந்திருக்கிறீர்கள். படித்த பெண், அதுவும் கோவையில், தெருவுக்குத் தெரு ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில். சொன்னால் சிரிப்பார்கள், லியோவுக்குக் கெட்ட பெயர் வரும், அதுதானே காரணம்? ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் ஆளைக் காப்பாற்ற மருந்து கிடையாது. வராமல் தடுக்கத்தான் முடியும். கடியோ கீறலோ, அந்த நிமிடமே குழாயைத் திறந்துவிட்டு சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். அப்புறம் ஊசி. இப்போதெல்லாம் 0, 3, 7, 28 என்று நாள் கணக்கு வைத்துக் கையில் போடுகிறார்கள். மூன்று வாரம் ஓடிவிட்டதே, இனி எதற்கு என்று இருந்துவிடாதீர்கள். லியோவுக்குத் தடுப்பூசி போட்ட புத்தகத்தையும் முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள், டாக்டர் கேட்பார். வெட்கப்பட்டுக்கொண்டு நிற்க வேண்டாம்.

பிஸ்கட்டும் இன்றோடு போதும். சாக்லேட் கிரீமாக இருந்தால் அது நாய்க்கு விஷம். திராட்சையும் வெங்காயமும் அப்படித்தான். தின்னக் கொடுத்த இடத்தை நாய் விடாது. தள்ளி நிறுத்த நினைத்ததை நீங்களே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள்.

முடிக்கு ஒரு பிரஷ் வாங்கிக்கொள்ளுங்கள். தெருநாய் வழக்கு வேறு பேச்சு, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

உங்கள் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தது ஒரே ஒரு வரிக்காக. "அது ஒண்ணும் செய்யாது." இந்த வரி பல வருடமாக என் மனதில் கிடக்கிறது. இதை ஒரு மனிதரிடம் தினமும் சொல்லிச் சிரித்தவன் நான்.

1986. எனக்கு வயது பத்தொன்பது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலை. முதலாளி ராஜபாளையத்திலிருந்து ஒரு குட்டி வாங்கி வந்து அச்சகத்திலேயே வளர்த்தார். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. அசல் ஜாதிக்கு அதுதான் அடையாளம் என்று காலண்டர் ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடம் எல்லாம் மூக்கைப் பிடித்துக் காட்டுவார். பெயர் மணி. ராத்திரி காவல், பகலில், காலால் மிதித்து ஓட்டுகிற டிரெடில் அச்சு மெஷினுக்கும் பேப்பர் கட்டுகளுக்கும் நடுவே தூக்கம்.

அங்கே கம்போசிங், அதாவது ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரி கோக்கிற வேலை, பார்த்த அண்ணாச்சிக்கு ஐம்பது வயது இருக்கும். சிறு வயதில் ஊரில் கடிபட்டவர், நாய் என்றால் ஆகாது. மணி வந்த பிறகு அவர் தன் கேஸை, எழுத்துகள் வைக்கிற பெட்டியை, இழுத்துப் போட்டு, முதுகு சுவர்ப் பக்கம் இருக்கும்படி நின்றுகொண்டார். இடது கையில் வரி கோக்கிற ஸ்டிக், வலது கை எழுத்துகளைப் பொறுக்கும். கண் மட்டும் வரிக்கு ஒருமுறை நாயிடம் போய்த் திரும்பும். இடம் வலம் மாறிய எழுத்தைப் படித்துப் பழகிய கண் அது. ஒரு கொம்பு, ஒரு கால் மாறியிருந்தாலும் பிடித்துவிடுவார். நாங்கள் சிரிப்போம். மெஷின்மேன் சிரிப்பார், பைண்டிங் பெண்கள் சிரிப்பார்கள், என் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். "அண்ணாச்சி, அது ஒண்ணும் செய்யாது."

சிவகாசியில் வெடிச் சத்தத்துக்குக் குறைவில்லை. மற்ற நாய்கள் கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கும். மணி அசையாமல் தூங்கும். "நம்ம ஊரு நாய்லா, அப்படித்தான் இருக்கும்" என்று முதலாளிக்குப் பெருமை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது, அதைத் திமிர் என்போம்.

ஒருநாள் டீ குடிக்கும்போது அண்ணாச்சி என்னிடம் மெதுவாகச் சொன்னார். "தம்பி, அதுக்குக் காது கேக்கலன்னு நெனைக்கேன். பக்கத்துத் தெருவுல சரவெடி போடுதான், அசைய மாட்டேங்குது. நம்ம பய டிரெடில்ல காலை வச்சதும் முழிச்சிக்கிடுது. சத்தத்துக்கு இல்ல. தரை ஆடுதுல்லா, அதுக்கு."

நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதுகூடச் சரியில்லை, மதிக்கவில்லை. பயப்படுகிற ஆள் எதையாவது சொல்லத்தானே செய்வார் என்று நினைத்தேன். அந்த வாரமே ஒரு மத்தியானம், தூங்கிக்கொண்டிருந்த மணியின் கழுத்தைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்து, "பாருங்க அண்ணாச்சி" என்றேன். அவருக்குக் காட்டுவதற்காகத்தான். முழங்கைக்குக் கீழே பல் இறங்கிவிட்டது.

அப்போதெல்லாம் தொப்புளைச் சுற்றித்தான் ஊசி. பதினான்கு நாள். ஆட்டு மூளையிலிருந்து எடுக்கிற மருந்து. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் அதைத்தான் தயாரித்தார்கள். 2004 கடைசியில்தான் நாட்டில் அந்த மருந்துத் தயாரிப்பை நிறுத்தினார்கள். பதினான்கு நாளும் பெஞ்சில் மல்லாந்து படுத்தபடி மணியைத் திட்டிக்கொண்டிருந்தேன். வளர்த்த நாய் துரோகம் செய்துவிட்டது என்றுகூட நினைத்தேன்.

பிறகு பல வருடம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. டால்மேஷனிலும் நிறைய. தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கிற செல்கள் உள்காதுக்குள்ளும் இருந்தாக வேண்டும். அங்கே அவை இல்லையென்றால், குட்டி பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை வாங்கும் செல்கள் செத்துப்போகும். முதலாளி எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்ட வெள்ளையோடு சேர்ந்து வந்த குறை அது. செவிட்டு நாய் ஆழ்ந்து தூங்கும்போது கழுத்தை இரண்டு கை வந்து பிடித்தால் அது வேறென்ன செய்யும்?

அதனால்தான் சொல்கிறேன், "ஒண்ணும் செய்யாது" என்ற வார்த்தையை என்னால் தாங்க முடிவதில்லை. நாய் மேல் பிரியம் உள்ளவர்கள்தான் அதை அதிகம் சொல்கிறார்கள். ஆனால் நாயைப் பார்க்காதவர்கள் சொல்கிற வார்த்தை அது. ஒண்ணும் செய்யாமல் இருக்க அது என்ன சோபாவா? அது கேட்கும், மோப்பம் பிடிக்கும், சலித்துப்போகும், பயப்படும். தாங்க முடியாமல் போனால் பல்லைக் காட்டும். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலம், ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரன் செத்து விழுந்த இடத்துக்கான கல். அதில் அவன் பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். பெயரையும் சொல்லி, செய்த காரியத்தையும் சொல்லியிருக்கிறார்கள். நாயிடம் மரியாதை வைத்திருந்த மனிதர்கள். அது கடிக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் ஆபீசில் லியோ என்ன செய்கிறது? நீங்கள் எழுதியதிலிருந்தே எனக்குக் கொஞ்சம் தெரிகிறது. காலையில் காரில் ஏற்றுகிறார்கள், சாயங்காலம் இறக்குகிறார்கள். நடுவில் எட்டு ஒன்பது மணி நேரம் ஏசி அறையில், தனக்கென்று ஒரு மூலைகூட இல்லாமல், வருகிறவர் போகிறவர் எல்லோரும் கட்டிப்பிடிக்கிறார்கள். தூக்கமே வராதபோது அது கொட்டாவி விடுகிறதா? எதிரில் தின்பதற்கு ஒன்றும் இல்லாமல் உதட்டை நக்குகிறதா? யாராவது முகத்தோடு முகம் வைத்து செல்ஃபி எடுக்கும்போது தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கிறதா? கொஞ்சம் தள்ளிப் போ என்று நாய் சொல்கிற விதம் இதெல்லாம். நார்வேயில் டூரிட் ரூகாஸ் என்ற நாய்ப் பயிற்சியாளர் இந்தச் சைகைகளைப் பார்த்துப் பார்த்து எழுதினார். வாலை ஆட்டினால் சந்தோஷம் என்று மட்டும் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. பரபரப்பிலும் நாய் வாலை ஆட்டும். இதையெல்லாம் மெனக்கெட்டுப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து பார்த்தாலே போதும்.

உங்கள் ஆபீசில் அப்படிப் பார்க்கிற ஒரே ஆள் நீங்கள். எழுந்திருக்கும் முன் லியோ எங்கே படுத்திருக்கிறது என்று பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்களே, மற்ற பத்துப் பேருக்கு அது தெரியுமா? அதை ஏதோ வியாதியைச் சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறீர்கள். "நான் நாயை வெறுப்பவள் இல்லை" என்று வேறு ஒரு விளக்கம். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறீர்கள்? உங்கள் பயத்துக்கு நீங்கள் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த மன்னிப்பெல்லாம் எனக்குக் கோபத்தைத்தான் வரவைக்கிறது.

முதலாளியிடம் பேசுங்கள். தனியாக, நேரில். "எனக்குப் பயமாக இருக்கிறது சார், லியோவுக்கும் கஷ்டமாக இருக்கிறதோ என்று தோன்றுகிறது" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கு ஒரு மூலையும் மெத்தையும் வேண்டும், அங்கே படுத்திருந்தால் யாரும் தொடக் கூடாது. உங்கள் வரிசைக்கும் சாப்பிடும் இடத்துக்கும் வராமல் இருக்க, குழந்தை இருக்கிற வீட்டில் வைக்கிற சின்ன தடுப்புக் கதவு போதும். மேலே தாவுவதை நிறுத்தப் பழக்க வேண்டும், அது வளர்க்கிறவர் வேலை. மத்தியானம் ஒருதரம் வெளியே நடத்திக்கொண்டு போக வேண்டும். அமேசானைக் காட்டியிருக்கிறார். அங்கே ஆரம்ப நாட்களில் ரூஃபஸ் என்ற கோர்கி நாய் வந்துபோனதில் தொடங்கிய பழக்கம் அது. இன்று அங்கேயும் பதிவு செய்த நாயைத்தான் உள்ளே விடுகிறார்கள். உதாரணம் காட்டினால் விதியையும் சேர்த்துக் காட்டட்டும். வேலையை விடுவது பற்றி இதற்கெல்லாம் பிறகு யோசியுங்கள்.

சரி, பயத்தை எப்படிப் போக்குவது என்று கேட்டீர்கள். அண்ணாச்சிக்குப் போகவில்லை.

கடித்த நாயைப் பத்து நாள் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மணியை அச்சகத்தின் பின்கட்டில் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். அதுவரை கொஞ்சியவர்கள் ஒருவரும் கிட்டே போகவில்லை. நானும் போகவில்லை. சோறு வைத்தது அண்ணாச்சி. சங்கிலி எட்டாத தூரத்தில் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் தரையில் ஓங்கி இரண்டு மிதி மிதிப்பார். மணி தலையைத் தூக்கி அவரைப் பார்க்கும். அது பார்த்த பிறகுதான் தட்டை விளக்குமாற்றுக் கட்டையால் முன்னால் தள்ளுவார். கை நடுங்குவது எனக்குத் தெரியும், கட்டை தட்டில் பட்டு டிக் டிக் என்று சத்தம் வரும். பத்து நாளும் இரண்டு வேளை.

பதினோராம் நாள் மணியை அவிழ்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அச்சகத்தில் யாரும் தரையை இரண்டு தரம் மிதிக்காமல் மணிக்குப் பின்னால் போனதில்லை. பைண்டிங் பெண்கள் கொலுசோடு மிதிப்பார்கள். முதலாளியும் மிதித்தார். நான் அங்கே இன்னும் நான்கு வருடம் இருந்தேன். அண்ணாச்சி மணியை ஒருதரம்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை, கேஸையும் சுவரோரத்திலிருந்து மாற்றவில்லை. மணி மட்டும் மத்தியானத் தூக்கத்துக்கு அவர் நிற்கிற பக்கமாகத் தலையை வைத்துப் படுக்க ஆரம்பித்தது.

ஊசி போட்டுக்கொண்டு வந்து, லியோ எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கிறது, யார் தொட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்று நாலைந்து நாள் பார்த்து எனக்கு எழுதுங்கள்.